வலிக்கு மருந்தும் வீட்டார் கடமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. நீங்காத வலிக்கு அபின் இனத்து மருந்துகளைக் கொடுக்கும் விடயத்தில், ஐக்கிய அமெரிக்கா பேரிழப்புக்குப் பின்னரே இதனை உணர்ந்தது.

1996இல் ஒக்சிகொன்டின் என்னும் குளிசை அங்கு விற்பனைக்கு வந்தது. அடிமைப்படுத்தும் அபாயம் குறைவென்று கூறியே அதனைப் பரப்பினார்கள். அவ்வாறு மக்களைத் தவறான வழியிற் செலுத்திய குற்றத்தை 2007இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார்கள். பின்னர் அச்சம் மேலிட, வைத்தியர் சிலர் மருந்தைத் திடீரென நிறுத்தினர். வேதனை தாங்காது உயிரை மாய்த்தவர்களும் உண்டு. சடுதியாக நிறுத்தலாகாதென 2019இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அள்ளிக் கொடுத்ததும் பிழை. வெடுக்கெனப் பறித்ததும் பிழை.

இம்மருந்துகள் வலியை அடக்குவதோடு, மூளையில் மூச்சை நடத்தும் பகுதியையும் மந்தமாக்குகின்றன. மதுவோ நித்திரைக் குளிசையோ சேர்ந்தால் ஆபத்து இரட்டிக்கும். சில வாரம் விட்டிருந்து, பழைய அளவையே மீண்டும் எடுப்பவருக்கும் ஆபத்துண்டு. உடல் முன்போல் அதனைத் தாங்காது.

ஆகவே, மோர்பீன், ட்ரமடோல் போன்றவை உள்ள வீட்டார் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். வலி கூடிற்றென்று அளவைத் தாமே கூட்டலாகாது. ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுக்கலாகாது. உண்ணும் மருந்துகள் யாவற்றையும் வைத்தியரிடம் ஒளியாமற் கூற வேண்டும். குளிசைகளைப் பூட்டி வைக்க வேண்டும்.

நோயாளி தட்டியும் எழும்பாமல், மூச்சுக் குறைந்து, உதடு நீலம் பாரித்து, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கியிருந்தால், உறங்கட்டுமென்று விட்டுவிடாதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள். மூச்சிருந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நலோக்சோன் என்னும் மாற்று மருந்து மூச்சை மீட்கும். அதன் மூக்குத் தெளிப்பானை வைத்தியர் சீட்டின்றி விற்க அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. ஆயினும் அதன் வலு ஒன்றரை மணி நேரத்துள் தணிந்துவிடும். ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்வது அவசியம்.

வாலிபர்களே, வலியால் வாடுபவரை அடிமையென்று ஏசாதீர்கள். ஏசப்பட்டவர் தாம் எடுத்த அளவை மறைப்பார். மறைத்தவரைக் காப்பது அரிது. இன்றிரவே உங்கள் பாட்டனார் அருகிலிருந்து, அவருடைய மருந்துச் சீட்டை வாசித்துக் காட்டுங்கள். சமூக சேவை வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.