வீட்டில் சொல்ல வேண்டிய கதைகள்
(பொன்விழாக் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டு அறிக்கையைச் செயலாளர் இப்போது வாசித்தார். கூட்டங்கள், கல்வி உதவிகள், நோன்புக் கஞ்சி, வரவு செலவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெற்றோர் எதை நம்பிக் கடல் கடந்தார்கள் என்பது எந்த அறிக்கையிலும் இராது. அது நம் வீடுகளில் கதையாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

கதை சிறுபிள்ளைகளுக்கானது, பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. திருக்குர்ஆனைத் திறந்தால் அப்படி நினைக்க முடியாது. யூசுஃப் நபியின் வரலாற்றை அழகிய வரலாறு என்றே அது அறிமுகப்படுத்துகிறது. முன்சென்ற தூதர்களின் செய்திகள் நபிகள் நாயகத்தின் (ஸல்) உள்ளத்தை உறுதிப்படுத்தவே சொல்லப்பட்டன என்றும் கூறுகிறது. அண்ணல் நபிக்கே துன்ப நேரத்தில் வரலாறுகள் உறுதி தந்தன என்றால், நமக்கு அவை எவ்வளவு தேவை!

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அரபு தெரியாத மக்களுக்கு மார்க்கத்தைக் கதையாகவே கொண்டுவந்தார்கள். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா, அப்துல்லாஹ் இப்னு சலாம் கேள்விகள் கேட்க நபிகளார் விடை சொல்லும் கதை. அடுத்த நூற்றாண்டில் உமறுப்புலவர் நபிகளாரின் வாழ்வை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். அதில் மானுக்குப் பிணை நின்ற படலம் நம்மில் பலர் தமிழ்ப் பாடத்தில் படித்தது. வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்கிறது. நபிகளார் பிணை நிற்கிறார். மான் சொன்னபடி குட்டியோடு திரும்பி வருகிறது. வாக்கைக் காப்பாற்று என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த ஒரு கதை பிள்ளையின் மனத்தில் ஆழமாக இறங்கும். கணக்குப் புத்தகம் இல்லாமலே கடனும் கைமாற்றும் நடந்த கடைத்தெருக்களில் நம்மவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த வாக்குத்தான்.

அடுத்து, தைரியம். தெலுக் ஆயர் தெருவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அன்று அதுதான் கடற்கரை. பிறகுதான் கடலைத் தூர்த்தார்கள். அங்கே 1828 முதல் 1830 வரை சூலியா முஸ்லிம்கள் நாகூர் தர்கா நினைவிடத்தைக் கட்டினார்கள். ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலை நாகூர் ஷாகுல் ஹமீது ஒலியுல்லாஹ் தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து காப்பாற்றினார் என்பது கடலோடிகள் வழிவழியாகச் சொன்ன கதை. இதுபோன்ற கதைகளைக் குறித்து இன்று நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் பாய்மரக் கப்பலில் கரை தெரியாத கடலுக்குள் வந்தவர்கள் அந்தக் கதையைத் துணையாகக் கொண்டு வந்தார்கள் என்பதில் வேறுபாடு இல்லை. அதே தெருவில் சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினார்கள். பக்கத்திலேயே நம் அல் அப்ரார் பள்ளிவாசல். அதற்குக் குச்சுப்பள்ளி என்றொரு பெயர். குடிசையாகத் தொடங்கியது என்ற வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

இவை நாம் பெருமையோடு சொல்லும் கதைகள். நாம் சொல்லாமல் விட்டவையும் உண்டு. வெறுங்கையோடு வந்தார், உழைத்தார், கடை வைத்தார், உயர்ந்தார் என்று முடித்துவிடுகிறோம். சபராளிகளின் மனைவிமார் ஊரில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த ஆண்டுகளை யார் சொன்னோம்? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், கணவருக்கு எழுதும் கடிதத்தைப் பிறரிடம் சொல்லித்தான் எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதும்போது மனத்தில் இருப்பதை எவ்வளவு சொல்லியிருக்க முடியும்? கடையநல்லூர், தென்காசியிலிருந்து குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகாரில் குடியேறியவர்கள் பலர். அந்தக் குடும்பங்களைத் தாங்கிய பெண்களின் உழைப்பு எத்தனை மலர்களில் இடம்பெற்றிருக்கிறது? கடனாகி, ஊர் திரும்ப வெட்கப்பட்டு, கடை மாடியிலேயே காலத்தை முடித்தவர்களும் நம்மவர்கள்தாம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வெற்றிக் கதைகளை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தேர்வில் தவறினாலோ வேலையை இழந்தாலோ, இந்தக் குடும்பத்தில் விழுந்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொள்கிறது. நம்மிடம் சொல்லவும் அஞ்சுகிறது. உன் பாட்டனாரும் ஒருமுறை எல்லாம் இழந்தார், இன்னார் கைகொடுத்தார், மறுபடி எழுந்தார் என்று கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை நம் பக்கத்தில் வந்து உட்காரும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. புறம் பேசுவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அடுத்த வீட்டுக் குறையைச் சொல்வது கதையாகாது. நம் வீட்டுக் கதையை, உரியவர் சம்மதத்தோடு சொல்வோம். கூட்டியும் குறைத்தும் சொல்ல வேண்டாம். நடந்தது நடந்தபடி இருந்தாலே போதும்.

ஐம்பதாம் ஆண்டில் உங்களிடம் நாங்கள் கேட்பது நன்கொடை அன்று. ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆண்டு ஒரு பெரியவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதலில் பாட்டிமார்களிடம் போங்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. எந்த ஊர், எந்தக் கப்பல், ரஜூலாவா, அதற்கு முந்தியதா, வந்த முதல் இரவில் எங்கே படுத்தீர்கள், யார் சோறு போட்டார்கள் என்று பேரப்பிள்ளைகளே கேட்கட்டும். தமிழில் கேட்கட்டும். தட்டுத் தடுமாறிக் கேட்டாலும் பாட்டி சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். கைத்தொலைபேசியில் பதிவு செய்து சங்கத்துக்கும் ஒரு படி கொடுங்கள்.

இந்தக் கூடத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். ஆனாலும் தள்ளிப்போட நம்மிடம் அதிக நாள் இல்லை. இன்று வீடு திரும்பும்போது வண்டியிலேயே ஒரு கேள்வியைக் கேட்டுத் தொடங்குங்கள்.

வல்ல இறைவன் நம் எண்ணங்களை நிறைவேற்றித் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.