மஞ்சள் நீராட்டும் மைதானமும்

பி.டி. டீச்சர் கையில் மைக்கைக் கொடுப்பது ஆபத்து. பழக்க தோஷத்தில் உங்களையும் வரிசையில் நிற்கச் சொல்லிவிடுவேன்.

மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஞாயிற்றுக்கிழமை வடை பாயசத்தோடு விருந்து. திங்கட்கிழமை ரிலே அணியில் ஒரு ஆள் குறையும். வீட்டுக்குப் போய்க் கேட்டால், "பெரிய பொண்ணாயிட்டா டீச்சர். மேல் பயிற்சிக்கு ஆம்பள மாஸ்டர்கிட்ட எப்படி அனுப்பறது?" என்பார் அம்மா. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அனுப்புவதற்கு ஒரு பெண் கோச்சை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

சிவன் உடம்பில் அம்பாளுக்கு இடப்பாகம் கிடைத்த திருவண்ணாமலை இது. கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் வெளியே வந்து ஆடுவதைப் பார்க்க எத்தனை நெரிசல்! 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி என்று இடம் ஒதுக்கினார்கள். சந்தோஷம். ஆனால் பயிற்சி கொடுக்கிறவர்களில்? அதற்கு முந்தைய டோக்கியோவில் 100-க்கு 13 பேர்தான் பெண்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கபடியில் ஒரு பெண் எகிறிக் குதித்து இறங்கினாள். முட்டி உள்பக்கமாக மடங்கியது, 'டப்' என்று ஒரு சத்தம். நான் எண்ணெய் தடவி நீவிவிட்டு, "ஒன்றுமில்லை, எழுந்து நட" என்றேன். ஜவ்வு கிழிந்திருந்தது. அவள் அதற்கப்புறம் ஆடவே இல்லை.

வளரும் பெண்களுக்கு அந்த ஜவ்வு பையன்களைவிட அதிகமாகக் கிழியும் என்று நான் படித்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஃபிஃபா '11 பிளஸ்' என்று ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. 20 நிமிஷம்தான், இயந்திரம் எதுவும் வேண்டாம். முட்டி உள்ளே சாயாமல், பாதத்துக்கு நேராக இருக்கும்படி இறங்கப் பழக்குவது அதில் முக்கியம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஓய்வுபெறும் வயதில்தான் இது என் காதுக்கு எட்டியது. நம் பெண்களைக் கோச் படிப்புக்கு வெளிநாட்டுக்கும் அனுப்புங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். விமானத்தில் போட்டோ எடுத்துக்கொள்வதற்கு அல்ல. ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகம் பிற நாட்டுப் பயிற்றுநர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்றுநர் உரிமப் படிப்பை இந்தியாவிலேயே படிக்கலாம்.

பயிற்றுநருக்கு உடம்பைப் போல விதியும் தெரிய வேண்டும். புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006-ல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். ஒடிசாவின் ஓட்டக்காரி துத்தி சந்த் என்பவரையும் இதே காரணம் சொல்லி 2014-ல் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்தார்கள். ஆனால் விதிகளைக் கரைத்துக் குடித்த ஆய்வாளர் பயோஷ்னி மித்ரா துத்தியின் பக்கம் நின்றார். வழக்கு சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015-ல் அவரை விலக்கிய விதியையே நிறுத்திவைத்தார்கள். சாந்திக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. ஆனாலும் அவர் மைதானத்தை விடவில்லை. பயிற்றுநர் படிப்பு முடித்து, 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் கோச் ஆனார்.

மேடையில் இருக்கும் ஐயாமார்களிடம் ஒன்று கேட்கிறேன். செங்கத்திலிருந்து ஒருத்தி, ஜவ்வாது மலையிலிருந்து ஒருத்தி என்று நம் பெண்களைப் படிக்க அனுப்புங்கள். படித்து வந்தவளைச் சென்னைக்கு விட்டுக்கொடுக்காமல், கிரிவலப் பாதையில் விடியற்காலையில் ஓடும் நம் பிள்ளைகளுக்கே கோச்சாகப் போடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒரு மஞ்சள் நீராட்டு இருக்கிறது. நீளம் தாண்டுகிற பிள்ளை. மொய்க் கவர் வைக்கப் போவதில்லை; ஒரு ஜோடி ஷூ வாங்கி வைத்திருக்கிறேன், அளவு 5. அவள் அம்மாவிடம் பேச என்னோடு யாராவது வருகிறீர்களா?