பரிசு வேண்டாப் பயணிகள்

துவிச்சக்கரவண்டி எளியோரின் வாகனம். பாடசாலைக்குச் செல்லும் மாணவனையும், கந்தோருக்கு விரையும் லிகிதரையும், சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் கமக்காரனையும் அது ஒரே தன்மையாகச் சுமந்து செல்கின்றது. மூன்று நான்கு மைல் சென்று மீள்வதே பெரும்பாலும் அதன் நாளாந்தக் கடமை. அத்தகைய வண்டியொன்றில் ஏறி, ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் தூரத்தை, அஃதாவது 750 மைலை அண்மித்த வழியை, நான்கு நாட்களுக்குள் கடந்துவிட முயல்வோர் உளர் என்றால் நேயர்கள் வியப்புறக்கூடும். அவர்களுட் பலர் நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வைத்தியராகவும் தொழிலாளராகவும் வாழ்பவர்கள். பயணத்தின் முடிவிலே அவர்களுக்குப் பணப்பரிசு எதுவும் காத்திருப்பதில்லை என்று அறியும்போது அவ்வியப்பு இருமடங்காகும்.

இத்தகைய பயணங்களுள் மிகப் பழையதும் புகழ் வாய்ந்ததும் பிரான்சு நாட்டில் நடைபெறும் பாரிஸ் – பிறெஸ்ற் – பாரிஸ் என்பதாகும். பாரிஸ் நகரின் அயலிலே தொடங்கி, மேற்கே அத்திலாந்திக்குக் கடலோரத்திலுள்ள பிறெஸ்ற் துறைமுகத்தை அடைந்து, மீண்டும் புறப்பட்ட இடத்திற்கே திரும்புவது இதன் வழி. 1891ஆம் ஆண்டில் 'லெ பெற்றி யூர்னால்' என்னும் செய்தித்தாளைச் சார்ந்த பியேர் யிபார் என்பார் இதனைத் தோற்றுவித்தார். காற்றடைத்த இறப்பர்ச் சில்லு புதுமையாய் இருந்த காலம் அது. துவிச்சக்கரவண்டி விளையாட்டுப் பொருளா, நெடுந்தூரம் செல்லத்தக்க சாதனமா என்ற ஐயம் பலர் உள்ளத்தில் இருந்தது. அவ்வையத்தைத் தீர்க்க எழுந்ததே இவ்வோட்டம்.

முதல் ஓட்டத்தில் வென்றவர் சார்ள் தெரோன். அவர் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் வழியை முடித்தார். அவருக்கு முன்னே சென்றுகொண்டிருந்த யீல்-லாவல் என்பவர் மூன்றாம் இரவில் சற்றே கண்ணயர்ந்தார். அவ்வேளையில் தெரோன் அவரைக் கடந்து சென்றுவிட்டார். இன்று இப்பயணத்திற்கு ஆயத்தஞ் செய்வோர்க்கும் உறக்கமே தலையாய வினாவாக இருத்தலால், இந்நிகழ்ச்சி நினைவில் வைத்தற்குரியது.

அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை இவ்வோட்டம் நிகழ்ந்தது. 1931இல் அவுஸ்திரேலியாவிலிருந்து சென்ற ஹியூபேட் ஒப்பமன் 49 மணி 23 நிமிடத்தில் வென்றார். 1941இல் நடந்திருக்கவேண்டியது போரினால் 1948 வரை தள்ளிப்போயிற்று. 1951இல் மொறிஸ் டியோ 39 மணிக்கும் குறைந்த நேரத்தில் முடித்தார். தொழில்முறை வீரரின் ஓட்டம் அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் பயணம் நின்றுபோகவில்லை. 1931 முதலே, பரிசு கருதாத பயணிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் ஏற்பட்டிருந்தன. அவ்வாண்டில் பெண்களும் இவ்வழியை முற்றாகக் கடந்து காட்டினர். தொழில்வீரர் கைவிட்ட வழியைப் பொழுதுபோக்காளர் காத்து வளர்த்தனர். 1904இல் தோன்றிய 'ஒடாக்ஸ் கிளப் பாரிசியன்' என்னும் கழகம் 1975 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இதனை நடத்திவருகின்றது. 'ஒடாக்ஸ்' என்பது இலத்தீன் சொல். துணிவுடையோன் என்பது அதன் பொருள். 2023இல் 6000க்கும் அதிகமானோர் பல நாடுகளிலிருந்தும் வந்து இதிற் கலந்துகொண்டனர்.

பயணத்தின் விதிகள் சிலவே, ஆயினும் கண்டிப்பானவை. பெரும்பாலோர்க்கு வகுக்கப்பட்ட காலவெல்லை 90 மணி நேரம். உண்பதும் உறங்குவதும் வண்டியைப் பழுதுபார்ப்பதும் அவ்வெல்லைக்குள் அடங்கும். வழியிலே குறித்த ஊர்களில் மேற்பார்வை நிலையங்கள் உள. ஒவ்வொன்றிலும் பயணி தன் கையேட்டிலே முத்திரை பெற்றாகவேண்டும். எங்கே உள்ளதென முன்னறிவிக்கப்படாத இரகசிய நிலையங்களும் உண்டு. உதவி செய்வோரின் மோட்டார் வண்டி பின்தொடர்ந்து வருதல் ஆகாது. வெளியுதவி வேண்டுவோர் நிலையங்களில் மட்டுமே பெறலாம். இரவில் விளக்கும், ஒளியை எதிரொளிக்கும் மேலங்கியும் இன்றி வீதியிற் செல்லல் ஆகாது.

90 மணி நேரம் என்பது தாராளமானதாகவே தோன்றும். 1200 கிலோமீற்றரை 90ஆல் வகுத்தால் மணிக்குப் 13 கிலோமீற்றர் அளவே வருகின்றது. சந்தைக்குச் செல்பவனும் அவ்வேகத்திற் செல்வானே என்று எண்ணத் தோன்றும். ஆயின் கணக்கைச் சற்றே விரித்துப் பார்த்தல் வேண்டும். ஒருவர் மணிக்கு 20 கிலோமீற்றர் வீதம் மிதிக்கின்றார் என்போம். மிதிப்பதற்கே 60 மணி நேரம் சென்றுவிடும். எஞ்சுவது 30 மணி. பதினான்கு நிலையங்களில் ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் நின்றால் அதற்கு 7 மணி. சில்லில் காற்றுப் போதல், மழை, எதிர்காற்று, வழி தவறல் ஆகியவற்றிற்கு இன்னுஞ் சில மணி. களைப்பினால் வேகம் குறையக் குறைய மிதிக்கும் நேரமும் நீளும். இறுதியில், நான்கு இரவுகளுக்கும் சேர்த்து உறங்கக் கிடைப்பது, ஓரிரவில் ஊரார் வீட்டில் உறங்கும் நேரத்தை ஒத்ததாகவே பலர்க்கு அமைகின்றது. போதாததற்கு, வழி நெடுகிலும் ஏற்றமும் இறக்கமுமாம். அவ்வழியில் உயர்ந்த மலைகள் இல்லை. எனினும் சிறு குன்றுகளின் ஏற்றங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் ஏறத்தாழ 12,000 மீற்றர் வரும். அது எவரெஸ்ற் சிகரத்தின் உயரத்தினும் மிக்கது.

ஆகவே, ஆயத்தமின்றி எவரும் இதில் இறங்க இடமில்லை. பயணம் நிகழும் ஓகஸ்ற் மாதத்திற்கு முன்னர், அதே ஆண்டிலே, நான்கு தகுதிப் பயணங்களை முடித்திருத்தல் வேண்டும். 200 கிலோமீற்றரைப் பதின்மூன்றரை மணியிலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடிக்கவேண்டும். நான்கையும் கூட்டினால் 1500 கிலோமீற்றர் ஆகின்றது. தேர்வுக்கு முந்திய பயிற்சி தேர்வினும் நீண்டது என்பது இங்கே மெய்யாகின்றது.

இந்த நான்கு படிகளும் நன்கு ஆராய்ந்தே அமைக்கப்பட்டனவாகத் தோன்றும். 200 கிலோமீற்றர் உடலின் வலுவைச் சோதிக்கின்றது. 300 கிலோமீற்றர் உண்ணும் முறையைச் சோதிக்கின்றது. மனிதவுடல் மாச்சத்தை நானூறு ஐந்நூறு கிராம் அளவிலேயே தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கவல்லது. கடுமையாக உழைத்தால் அச்சேமிப்பு இரண்டு மணி நேரமளவில் வற்றத் தொடங்கும். அது வற்றியபின் உறுதியான மனமிருந்தும் கால் அசையாது. எனவே மணிக்கு மணி சிறிது சிறிதாக உண்டு பழகவேண்டும். பாண், வாழைப்பழம், சோறு, சூப்பு என எது தன் வயிற்றுக்கு ஒத்துவருமென்பதை அவரவரே கண்டறிதல் வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுதலால், வெறும் நீரையே அளவின்றிக் குடித்தல் தீங்கு தரும். இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மயக்கமுண்டாகும்.

400 கிலோமீற்றரில் இரவு குறுக்கிடுகின்றது. நள்ளிரவில், மனித நடமாட்டமற்ற வீதியில், தன் விளக்கொளியின் எல்லைக்குள்ளேயே உலகம் சுருங்கிவிட, தனித்துச் செல்லும் அநுபவம் பகலில் எவ்வளவு பயின்றாலும் வாராது. 600 கிலோமீற்றரோ இரண்டாம் நாட் காலையில் வலிக்கும் உடலோடு மீண்டும் வண்டியிலேறும் மனத்தைச் சோதிக்கின்றது. அப்படியைத் தாண்டியவர், நெடும்பயணத்திற்கு வேண்டிய பாடத்திற் பெரும்பகுதியைக் கற்றவராவர்.

வண்டியைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். இப்பயணத்திற்கு விலையுயர்ந்த வண்டியினும் பழகிய வண்டியே சிறந்தது. இருக்கை அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும், பத்து மைலில் தோன்றாத முழங்கால் நோ முந்நூறு மைலில் தோன்றும். கைபிடியில் ஒரே நிலையில் நெடுநேரம் அழுத்தினால் உள்ளங்கையினூடே செல்லும் நரம்பு நசுங்கி, மோதிரவிரலும் சிறுவிரலும் மரத்துப்போகும். வீடு திரும்பி வாரங்கள் சென்றும் சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாது தவிப்போர் உளர். கழுத்துத் தசை தளர்ந்து தலையை நிமிர்த்தவியலாமற் பயணத்தைக் கைவிட்டோரும் உளர். ஆதலின் இருக்கை, கைபிடி, சப்பாத்து, உடை யாவும் தகுதிப் பயணங்களிலேயே சோதிக்கப்படல் வேண்டும். இறுதிப் பயணத்தன்று புதியதாக எதனையும் அணியலாகாது என்பது அநுபவசாலிகளின் முதற் கட்டளை. சில்லின் அச்சிலே பொருத்திய டைனமோவால் எரியும் விளக்கைப் பலர் விரும்புகின்றனர். சில்லுச் சுழலும்வரை அது அணையாதன்றோ? மேலதிக ரியூப், ஒட்டுத்துண்டு, காற்றுப்பம்பி, செயினை இணைக்குங் கருவி, மழையங்கி ஆகியன சிறு பையில் அடங்கவேண்டும்.

இவையெல்லாம் கைக்கும் காலுக்கும் உரிய ஆயத்தம். உறக்கத்தோடு ஒப்பந்தஞ் செய்துகொள்வதே எல்லாவற்றினும் கடினமானது. 90 மணிப் பிரிவினர் பெரும்பாலும் மாலைப்பொழுதில் புறப்படுகின்றனர். பகலெல்லாம் விழித்திருந்தவர்கள் அப்படியே முதலிரவினுட் புகுகின்றனர். இரவு இரண்டு மணிக்கும் விடியற்காலைக்கும் இடையே உடலின் வெப்பம் தாழ்ந்து கண்ணிமை கனக்கும். மூன்றாம் இரவில், வேலியோரத்து மரங்கள் மனித உருவங்களாகத் தோன்றுவதாகப் பலர் கூறியிருக்கின்றனர். அவ்வேளையில் கண நேரம் கண்மூடினாலும் வண்டி வீதியை விட்டு விலகும். உயிருக்கே ஊறு நேரலாம். தெரோன் உறங்காது வென்றமை தொழில்வீரன் ஒருவனின் அருஞ்செயல். குடும்பமுடையோன் அதனைப் பின்பற்றலாகாது. தன் உறக்கத்தின் இயல்பை முன்னதாகவே அறிந்து, எந்த நிலையத்தில் எத்தனை மணி நேரம் படுப்பது எனத் திட்டமிடுபவனே அறிவாளி. நிலையங்கள் சிலவற்றில் படுக்கை வசதி உண்டு. குறித்த நேரத்தைச் சொல்லிப் படுத்தால், தொண்டர் ஒருவர் வந்து மெல்லத் தட்டி எழுப்புவார். அதற்குமுன் கண் சொருகினால், வீதியோரத்திற் சாய்ந்து இருபது நிமிடம் உறங்கி எழுவதும் பெரும்பயன் தரும். இருபது நிமிடத்தை இழக்க அஞ்சி முழுப் பயணத்தையும் இழந்தவர் உளர்.

ஆயத்தத்தின் சுமை பயணியொருவனின் தோளில் மட்டும் விழுவதன்று. 600 கிலோமீற்றர்த் தகுதிப் பயணமொன்று சனி, ஞாயிறு இரண்டையும் விழுங்கிவிடும். பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கும், உறவினர் வீட்டு வைபவத்திற்கும் தந்தை போகவில்லை. விடியுமுன் எழுந்து உணவு கட்டிக் கொடுத்தவள் மனைவி. தாய் வண்டியேறிய வீட்டில் அடுப்படியைக் கவனித்தவன் கணவன். கையேட்டில் விழும் ஒவ்வொரு முத்திரையிலும் இல்லத்தார் பங்கும் உண்டு.

இத்தனைக்குப் பின்னரும் வெற்றி உறுதியன்று. 2007இல் மழையும் காற்றும் ஓயாது வருத்தியதால், புறப்பட்டோரிற் பத்துப்பேரில் மூவரளவில் உரிய முறையில் முடிக்க இயலாது போயினர். நான்காண்டுக் கனவை ஏதோவொரு சிற்றூரின் நிலையத்தில் இறக்கிவைத்து, புகைவண்டியேறித் திரும்புவது எளிய காரியமன்று. ஆயினும், உடல் இனி ஆற்றாது என்றுணர்ந்த இடத்தில் நிறுத்தத் தெரிதலும் ஆயத்தத்தின் ஒரு கூறேயாகும். வீதியில் வீழ்ந்து கிடப்பதிலும், அடுத்த முறை வருவேன் என்று நிமிர்ந்து திரும்புதல் மேலானது. அவ்வாறு திரும்பிப் போய், நான்காண்டு கழித்து மீண்டும் வந்து முடித்தோர் பலர்.

பயணிகளின் இந்த உழைப்பை அவ்வழிக் கிராமத்தார் நன்கு உணர்ந்துள்ளனர். நள்ளிரவிலும் வீட்டு வாசலில் மேசையிட்டுக் கோப்பியும் பலகாரமும் வைத்துக் காத்திருக்கின்றனர். சிறுவர்கள் நீர்ப்போத்தலை ஏந்தி நிற்கின்றனர். பணங் கொடுத்தால் வாங்க மறுத்து, ஊர் திரும்பியபின் ஒரு தபாலட்டை அனுப்பினாற் போதும் என்று கேட்போரும் உளர். மொழி தெரியாத நாட்டில், பெயர் தெரியாத ஒருவர் தந்த ஒரு கிண்ணச் சூட்டுக் கோப்பியால் பயணத்தைத் தொடரும் தெம்பு பெற்றவர்கள், அதனை ஆயுள் முழுதும் மறவார்.

இறுதியில் முதலில் வந்தவர்க்கும், 90ஆம் மணிக்குச் சற்றுமுன் தள்ளாடி வந்தவர்க்கும் ஒரே பதக்கமே உரித்தாகின்றது. பணம் பெறாது விளையாடுவோரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். அச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது; இலத்தீனிலே அதன் வேர் அன்பு செய்தலைக் குறிக்கும். குறைந்த திறமையுடையவன் என்று அதற்குப் பிற்காலத்திற் பொருள் கொண்டது பிழை. ஒரு செயலை அதன்மேற் கொண்ட அன்பு காரணமாகவே செய்பவன் என்பதே அதன் முதற் பொருள். பயணம் முடிந்த மறுவாரம் அவர்கள் வழக்கம்போல் வேலைக்குச் செல்வர். விரல்கள் இன்னும் மரத்திருக்கும். வீட்டு மேசையின் இழுப்பறையிலே, மழையில் நனைந்து உலர்ந்த ஒரு சிறு கையேடு, முத்திரைகள் அனைத்தும் நிறைந்ததாய்க் கிடக்கும்.