கண்காணித்தாலும் செலவு, விட்டாலும் செலவு

வங்கி கடன் தர மறுத்தால், வீட்டை விற்பவரிடமே தவணை கட்டி வாங்கலாம். அமெரிக்காவில் இந்த வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால், கடைசித் தவணை வரை பட்டா விற்பவர் பெயரில்தான் இருக்கும்.

1950களில் சிகாகோவில் வங்கிகள் கைவிரித்த கறுப்பினக் குடும்பங்கள் இப்படித்தான் வீடு வாங்கின. ஒரு தவணை தவறினாலும் வீடு போகலாம். கட்டிய பணமும் போகலாம். 1968இல் லாண்டேல் வட்டார மக்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். சிகாகோ அமைந்துள்ள இல்லினாய்ஸ் மாநிலத்தில் இதற்கென ஒரு சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாகவே இப்படி விற்பவர்கள் ஒப்பந்தத்தை 10 வேலை நாள்களுக்குள் பதிய வேண்டும். தவணை தவறியவருக்கு 90 நாள் அவகாசம் உண்டு.

பதிவேடு, புகார் விசாரணை, வழக்கு என்று அரசுக்கு இதில் செலவுதான். மக்கள் வரிப்பணத்தில் இது தேவையா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு கணக்கு: 1950, 60களில் இந்த ஒப்பந்தங்களால் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இழந்தது 300 முதல் 400 கோடி டாலர் என்று டியூக் பல்கலைக்கழக ஆய்வு 2019இல் மதிப்பிட்டது.

கண்காணிக்கும் செலவு அரசின் வரவு செலவுக் கணக்கில் தெரியும். கண்காணிக்காத செலவு எந்தக் கணக்கிலும் வராது. அதை ஏழைக் குடும்பம்தான் கட்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? நீங்களே சொல்லுங்கள்!