பெயர்ப் பலகையும் கதவும்
(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வாழைத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். "கம்ப்யூட்டர் விஷயம் நமக்கெதற்கு?" என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகள் கையில் இன்று இருப்பது அது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

2011-ல் இதே ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதாவின் சர்க்கார், மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் வழங்கியது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் கிடைத்தது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூடியில் யார் படம்? முதலமைச்சர் படம்! 2013-ல் உத்தரப் பிரதேசத்தில் கொடுத்த லாப்டாப்பைத் திறந்தால், திரையிலேயே முதலமைச்சர் அகிலேஷும் அவர் தந்தை முலாயம் சிங்கும் தோன்றினார்கள். பணமோ மக்களின் வரிப்பணம்.

படத்தைவிடப் பெரிய விஷயம் உள்ளே இருக்கிறது. நம் லாப்டாப்பில் மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ் இருந்தது; கூடவே 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது, மத்திய சர்க்கார் ஸ்தாபனமான சி-டாக், டெபியன் என்ற மென்பொருளை எடுத்துத் திருத்திப் புதுப் பெயரிட்டது. டெபியனை உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூடிச் செய்கிறார்கள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

பெயரைப் பற்றி ஒரு தகராறும் நடந்தது. இன்டர்நெட் பார்க்க உதவும் பயர்பாக்ஸ் எல்லோருக்கும் பொது. ஆனால் அதன் பெயரும் சின்னமும் மோசில்லா ஸ்தாபனத்தின் வர்த்தகக் குறி. தங்கள் சம்மதமின்றித் திருத்தினால் பெயரை உபயோகிக்கக் கூடாது என்று 2006-ல் அவர்கள் சொன்னார்கள். டெபியன்காரர்கள் என்ன செய்தார்கள்? 'ஐஸ்வீசல்' என்று பெயரை மாற்றி, வேலையைத் தொடர்ந்தார்கள். 2016-ல் சமரசம் ஏற்பட்டுப் பழைய பெயர் திரும்பிற்று. பொருள் பொதுவாக இருந்ததால் பெயர் போயும் வேலை நிற்கவில்லை.

"பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? முதலில் வைத்ததே பெரும்பாலும் நிலைக்கிறது. இது கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். போன்களிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் வரவேண்டும் என்பதற்காக, கூகிள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று 2024-ல் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இன்னொன்று, கூட்டிச் சேர்க்கும் வசதி. டிராக்டர் ஒன்றுதான், கலப்பை மாட்டினால் உழும், டிரெய்லர் மாட்டினால் நெல் மூட்டை ஏற்றும். தன் கலப்பையைத் தவிர வேறெதுவும் மாட்டக்கூடாது என்று கம்பெனி பூட்டுப் போட்டால், டிராக்டர் நம்முடையதா, அவனுடையதா? மென்பொருளில் இப்படி மாட்டுவதை 'நீட்சி' என்கிறார்கள். நல்ல நீட்சி தமிழ்ச் சொல்லில் எழுத்துப் பிழை பார்க்கும். கெட்ட நீட்சி நம் ரகசியத்தைத் திருடும். அதனால் சோதனை வேண்டும். ஆனால் சோதனை என்ற பெயரில் கதவையே அடைக்கக் கூடாது. 2017-ல் பயர்பாக்ஸ், வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று சொல்லித் தன் நீட்சி முறையை மாற்றியது. பலர் உழைத்துச் செய்த பழைய நீட்சிகள் அதோடு பயனற்றுப் போயின.

யார் தீர்மானிப்பது? டெபியனில் புதுப் பதிப்புக்கான திரைப் படத்துக்கு யாரும் சித்திரம் அனுப்பலாம். பகிரங்கமாகக் கருத்துக் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு படத்துக்கே இவ்வளவு ஜனநாயகம் சாத்தியமென்றால், நம் பிள்ளைகளின் லாப்டாப்புக்கு ஏன் முடியாது?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. மக்கள் பணத்தில் வாங்கும் கம்ப்யூட்டரில் எந்தத் தலைவர் படமும் வேண்டாம். திறந்தவுடன் தமிழ் வரவேண்டும்; 1999-ல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை தயாராக இருக்கவேண்டும். மாற்றவும் சேர்க்கவும் உரிமை வேண்டும். முதலில் எதை வைப்பது என்பதை மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

தோழர்களே! இன்றிரவு வீட்டுக்குப் போனதும், பிள்ளையின் லாப்டாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் என்ன வருகிறது, அதை யார் வைத்தார்கள் என்று கேளுங்கள். அங்கிருந்து ஆரம்பிப்போம்.