மோட்டார் சைக்கிள் பழகும் தம்பிமாருக்கு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இவ்வாண்டு விழாவிலே எப்பொருள் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, "மோட்டார் சைக்கிள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். தமிழும் சமயமும் முழங்கும் மேடையிலே இயந்திரத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலரும் எண்ணக்கூடும். மண்டப வாசலில் நிற்கும் வாகனங்களை ஒருமுறை பாருங்கள். இந்நாட்டிலே பதிவு செய்யப்பட்ட வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. நம் பிள்ளைகள் நாள்தோறும் அவற்றின்மேல் ஏறித்தான் போய் வருகிறார்கள். ஆதலால் இப்பொருள் இம்மேடைக்கு உரியதே.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியவர் ஒரு நண்பர். பழகிய காலம் ஒரேயொரு மாலைப்பொழுது. மைதானத்தை நாலு முறை சுற்றினேன். "இனிப் பயமில்லை, போ" என்றார். இரண்டாம் கிழமை என் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எங்கள் ஒழுங்கை தெருவோடு சேரும் முடக்கிலே மணல் பரந்து கிடந்தது. மாடொன்று குறுக்கே வந்தது. கைப்பிடி திரும்பியிருந்த நிலையிலேயே முன் பிறேக்கை முழுப் பலத்தோடும் பிடித்தேன். முன்சில்லு வழுக்கிற்று. எனக்கு முழங்காலிலே சிராய்ப்பு மாத்திரம். தங்கைக்கோ வலக்கை முறிந்தது. அவ்வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. இன்றுவரை அவள் என்னை ஒரு சொல்லாலும் குறைகூறியதில்லை. அதுவே எனக்குப் பாரம்.

குற்றம் மாட்டினுடையதுமன்று, மணலினுடையதுமன்று. அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஓடுமுன் கைகால்களுக்கு அவற்றின் வேலை தெரிய வேண்டும். இடக்கைக்குக் கிளச், இடக்காலுக்குக் கியர், வலக்கைக்கு முன் பிறேக், வலக்காலுக்குப் பின் பிறேக். பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களிலே கியர் வலக்காற் பக்கம் இருந்ததைப் பெரியோர் சிலர் அறிவர். ஆகவே, "நான் அந்தக் காலத்திலேயே ஓடினவன்" என்பவரும் புதிதாகப் பழகியே ஆகவேண்டும். கிளச்சை மெல்ல மெல்ல விடும்போது ஓரிடத்தில் வண்டி மெதுவாக இழுக்கத் தொடங்கும். அந்த இடத்தைக் கை கண்டுபிடிக்கும்வரை தெருவை நினைக்கவே கூடாது. நடைவேகத்தில் நேரே போய் நிறுத்துதல், பின்னர் எட்டு வடிவில் வளைதல், இவையே முதற் பாடங்கள். வேகமாக ஓடுவது எளிது. மெதுவாக ஓடுவதிலேதான் பழக்கம் தெரியும். முன்சில்லைக் குனிந்து பாராது, போகவேண்டிய இடத்தையே பாருங்கள். கண் போன வழியே வண்டியும் போகும்.

இரண்டாவது, நிறுத்தும் கலை. பிறேக் பிடித்தவுடன் பாரம் முன்சில்லுக்கு மாறுகிறது. ஆதலால் வண்டியை நிறுத்துவதிற் பெரும்பங்கு முன் பிறேக்குக்கே. "முன் பிறேக்கைத் தொடாதே, தூக்கி எறியும்" என்று சொல்லிக் கொடுப்பவர் பாதிப் பாடமே சொல்லுகிறார். இரண்டு பிறேக்குகளையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். முன் பிறேக்கைச் சடுதியாக அன்றி, படிப்படியாக இறுக்கவேண்டும். கைப்பிடி நேராயிருக்கவேண்டும். முடக்கு, மணல், ஈரம் என்றால் அவ்விடத்தை அடையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிடவேண்டும். முதல் மழை தெருவிற் படிந்த எண்ணெயையும் புழுதியையும் கலக்கி வழுக்கச் செய்யும். மாரி தொடங்கும் நாட்களில் மிக அவதானம் தேவை.

ஒரு சிறு கணக்கும் கேளுங்கள். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகமென்றால் ஒரு செக்கனுக்கு 10 மீற்றர். தடையொன்றைக் கண்டு கை பிறேக்குக்குப் போக ஒரு செக்கன் ஆகுமானால், அதற்குள் 10 மீற்றர் போய்விடும். பிறகு, காய்ந்த நல்ல தெருவிலே நிற்பதற்குச் சுமார் 8 மீற்றர் வேண்டும். வேகம் இரட்டித்து 72 ஆனால், முதற் செக்கனில் 20 மீற்றர். நிற்பதற்கு வேண்டிய தூரமோ இரட்டிக்காது, நாலு மடங்காகி 30 மீற்றரைத் தாண்டும். 18 மீற்றரில் நின்ற வண்டி இப்போது 50 மீற்றரிலும் நில்லாது. "சடாரென்று பிடித்துவிடுவேன்" என்னும் வீரம் இக்கணக்கை மாற்றாது.

மூன்றாவது, பின்னால் இருப்பவர். ஒருவரை ஏற்றியவுடன் வண்டியின் பாரமும் சமநிலையும் நிறுத்தும் தூரமும் வேறாகிவிடும். தனியே ஓடிச் சில மாதம் தேறாதவன் வேறோர் உயிரை ஏற்றலாகாது. நான் செய்த பெரும்பிழை இதுவே.

இனித் தலைக்கவசம். "அரேபியாவின் லோறன்ஸ்" எனப் பெயர்பெற்ற ரி. இ. லோறன்ஸ் 1935 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலே, சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்களுக்கு விலத்தப்போய் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்தார். தலையில் அடிபட்டு ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவரான கியூ கெயான்ஸ் பின்னர் இத்தகைய தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941 இல் தலைக்கவசத்தின் பயனை எழுதி வெளியிட்டார். பிரித்தானிய இராணுவம் அவ்வாண்டே தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973 இலேதான். தலைக்கவசம் மரண ஆபத்தைச் சுமார் 40 விழுக்காடு குறைக்கிறதென்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. நம் நாட்டிலும் ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் அணிவது சட்டம். நம்மவருட் சிலரது தலைக்கவசமோ பொலிசாரைக் கண்டால் தலையிலும், காணாவிட்டாற் கைப்பிடியிலும் இருக்கிறது! நாடிப்பட்டி பூட்டாத கவசம் விழும்போது முதலிற் கழன்றுபோகும்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு சொல். மகன் சோதினை சித்தியடைந்தவுடன், சிலவேளை 18 வயது நிறையுமுன்பே, கடன்பட்டாவது வண்டி வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து உருட்டுகிறோம். நல்லது. ஆனால் அது வண்டிக்குச் செய்வது. ஓட்டும் பிள்ளைக்கு என்ன செய்தோம்? அனுமதிப்பத்திரமும் பயிற்சியும் நல்ல தலைக்கவசமும் இல்லாமல் திறப்பைக் கையிற் கொடுப்பது அன்பாகாது.

என் தங்கை இன்று தானே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறாள். அவளைப் பழக்கியவன் நானே. ஒரு மாலையில் அல்ல. ஆறு கிழமை எடுத்தோம்.

அதுபோல நம் சங்கமும் செய்யலாம். ஞாயிறு காலைகளில் மைதானம் சும்மா கிடக்கிறது. சிரட்டைகளை அடையாளமாக வைத்து எட்டு வடிவம் அமைக்கலாம். நன்கு தேறியவர் நாலு பேர் முன்வந்தாற் போதும். நான் முதல் ஆளாக வருகிறேன். பெண்பிள்ளைகளும் வரட்டும். அடுத்த ஆண்டு மலரிலே நம் இளைஞர் ஒருவரின் படத்தை அஞ்சலிப் பக்கத்தில் அச்சிடும் நிலை வராதிருக்க, இந்தச் சிறு முயற்சியைத் தொடங்குவோமாக.