உள்ளிருந்து எழும் கேள்வி

(செங்கல்பட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019 அக்டோபரில் சீன அதிபரும் இந்தியப் பிரதமரும் மாமல்லபுரத்துச் சிற்பங்களைச் சுற்றிப் பார்த்தார்கள். பல்லவர் காலத்து உறவைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. எனக்கு நினைவுக்கு வந்தவர் திங் லிங் என்ற சீனப் பெண் எழுத்தாளர்.

1942இல், கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானில், மகளிர் நாளையொட்டி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மணம் செய்யாவிட்டாலும் ஏச்சு, செய்தாலும் ஏச்சு. பிள்ளை பெற்று வீட்டோடு முடங்கினால் 'பின்தங்கியவள்' என்ற பட்டம். புரட்சி நடக்கும் இடத்திலும் இப்படியா என்று கேட்டார். அவர் எதிரி அல்ல, கட்சி உறுப்பினர். ஆனாலும் கண்டிக்கப்பட்டார். அந்த மே மாதமே, இலக்கியம் அரசியலுக்குக் கீழ்ப்பட்டது என்றார் மாவோ. 1957இல் திங் லிங்குக்கு 'வலதுசாரி' முத்திரை விழுந்தது. பிறகு வடகிழக்கில் உடலுழைப்பு, சிறை.

இலக்கியத்தில் அரசியல் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதே சாதியைக் காப்பாற்றும் அரசியல்தான். 1929இல் இதே செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கேட்டது. ஊரைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. மேடையில் இருந்தவர்கள் பெயரிலும் பட்டம் ஒட்டியிருந்தது.

நம் அமைப்புக்குள் இருக்கும் ஒரு தலித் பெண், நம்மைப் பற்றியே கதை எழுதினால், "இப்போது இது தேவையா? எதிரிக்குப் பயன்படுமே!" என்று கிளம்பாதீர்கள்.

முதலில் படியுங்கள். பிறகு பதில் சொல்லுங்கள்.